நாய் ஒன்றுக்கு, வாரம் ஒருமுறை

டுலூத் நகரின் மேட்டுத் தெருக்களில்
என் பொறுப்பில் முப்பத்தோரு கொல்லைகள்.
வாளி, நீளக் காம்புச் சுரண்டி,
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.
கூலி, நாய்த் தலை ஒன்றுக்கு இவ்வளவு.
இனத்தைக் கேட்காமல் விலை வைத்தது
முதல் வருடத்து முட்டாள்தனம்.
ஏழு வருடமாய் மாற்றச் சோம்பல்.

மாற்றியிருந்தால்
பெட்ரிச் வீட்டு செயின்ட் பெர்னார்டுக்கு
இரட்டைக் கூலி கேட்டிருப்பேன்.
ஒரு தடவைக்கு ஒரு சுரண்டி நிறையும்.
ஆனாலும் ஒளிவுமறைவில்லாத பிராணி.
வேலிக்கு வெளியே நின்றே எண்ணிவிடலாம்.

பெரிய நாயைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள்
மூன்று சிவாவா இருக்கும் வீட்டில் குனிந்ததில்லை.
எல்லாம் சுண்டுவிரல் கணு அளவு.
அக்டோபரில் ஓக் காய்களோடு கலந்து கிடக்கும்.
எது விதை, எது வினை
என்று தொட்டால்தான் தெரியும்.

லாப்ரடார் எதையும் தின்னும்.
ஆகவே எதையும் தரும்:
சிவப்பு கிரேயான், ஒற்றைச் சாக்ஸ்,
ஒருமுறை பொம்மைச் சிப்பாயின் தலை,
அப்போதும் சிரித்தபடி.
ஹஸ்கி வேலியோரமே நடந்து வேலியோரமே முடிக்கும்.
டாக்ஸ்ஹண்டுக்கு வெட்கம், புதருக்குள் நுழைந்துவிடும்,
பின்னாலேயே நானும் தவழவேண்டும்.
பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்டுக்குக் குளிர் ஆகாது.
கதவு திறந்ததும் முதல் படியில் இருந்துவிட்டு
வாழ்க்கையிலேயே வேகமாக உள்ளே ஓடும்.

"எங்களுடையது அதிகம் போகாது" என்பாள்
பூடில் வளர்க்கும் கோரின்.
எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்கள்.

பனி நவம்பரில் மூடும்.
அதற்குக் கீழே எதுவும் மக்குவதில்லை,
தள்ளிப்போடப்படுகிறது, அவ்வளவுதான்.
ஏப்ரலில் மேலே மார்ச் தெரியும்,
அது கரைந்தால் பிப்ரவரி.
ஐந்து மாதம் ஐந்தே நாளில் எழுந்து வந்து
மூக்கின் முன் நிற்கும்.
அந்த வாரம் மட்டும்
எல்லா இனமும் ஒரே இனம்.

ஆர்விட் சல்மேலாவின் நியூஃபவுண்ட்லாந்து
பெயர் போசன்.
ஐம்பத்தெட்டு கிலோ,
கோடையெல்லாம் ஏரித்தண்ணீர் நாற்றம்.
ஜனவரியில் ஒரு செய்தி வந்தது:
இனி வரவேண்டாம், பாக்கி எவ்வளவு?

ஏப்ரல் இரண்டாம் வாரம் அவரே கூப்பிட்டார்.
"வெளியே வந்திருக்கிறது" என்றார்.
எது என்று நான் கேட்கவில்லை.

அடியில் இருந்தவை, டிசம்பர் மாதத்தவை,
தொலைவில் பிர்ச் மரத்தடியில்.
அதற்குப் பிந்தியவை துணிக்கொடிக் கம்பம்வரை.
பிறகு பாதி தூரம்.
பிறகு படியிலிருந்து பத்தடி.
வாளியோடு நான் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தேன்,
அது எவ்வளவு நடந்ததோ
அவ்வளவு குறைத்துக் குறைத்து.

கடைசியாக இருந்தவை படியை ஒட்டி, சிறியவை,
சிவாவா வீட்டில் பார்த்திருந்தால்
ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.
பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் தடம்.
மிதிபட்ட பனி கடைசியில்தான் கரையும்.
சுற்றிலும் எல்லாம் நீராகிப் போயிருக்க
அவை இரண்டும் இறுகி நின்றன,
குதிகால் பக்கம் மிக ஆழமாக.
குனிந்து ஒரு பாரத்தைத் தாங்கி
நின்றிருக்கிறார், நெடுநேரம்.

ஆர்விட் ஜன்னலில் இல்லை. கதவில் இருந்தார்.
"அதை விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்."
கையில் சுரண்டி எதுவும் இல்லை.

எவ்வளவு என்று கேட்டார்.
கணக்குப் புத்தகத்தில்
நாய்களின் எண்ணிக்கைக் கட்டத்தில் என் பேனா நின்றது.
எட்டிப் பார்த்துவிட்டு
"ஒன்று" என்றார்.
ஒன்று என்று எழுதினேன்.

வெளியே வந்து கம்பிக்கதவைச் சாத்தினேன்.
கொக்கியைப் போட்டு
இரண்டுதரம் இழுத்துப் பார்த்தேன்,
நாய் இருக்கும் வீடுகளில் செய்வதுபோல.